சக்யம், ஸாத்யம், ஸுகரம்: உபாய விசாரத்தில் ஒரு சொல்லாராய்ச்சி

ஸ்ரீ:

நம் ரஹஸ்ய க்ரந்தங்களை இக்காலத் தமிழில் எழுதுவோரிடத்திலும் உபந்யஸிப்போரிடத்திலும் 'ஸாத்யோபாயம்' என்ற பதத்துக்குச் 'சாத்தியமான உபாயம்' என்று பொருள் கூறும் வழக்கம் அங்கங்கே காணப்படுகிறது. இன்றைய தமிழில் 'சாத்தியம்' என்றால் 'நடக்கக்கூடியது', 'நம்மால் இயல்வது' என்பதே எல்லோரும் அறிந்த பொருள். ஆகையால் கேட்பவர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறார். ஆனால் ஸ்வாமி தேசிகன் ரஹஸ்யத்ரயஸாரத்தில் 23ஆம் அதிகாரத்தை ஸித்தோபாய சோதநம் என்றும், 24ஆம் அதிகாரத்தை ஸாத்யோபாய சோதநம் என்றும் வகுத்தருளினார். இவ்விரண்டு திருநாமங்களிலும் மேற்சொன்ன பொருளை ஏற்றிப் பார்த்தால் விபரீதம் தெரியும். பக்தியும் ப்ரபத்தியும் 'நம்மால் இயலும் உபாயம்' என்றால், ஸித்தோபாயமான எம்பெருமான் 'இயலாத உபாயம்' என்றன்றோ முடியும்! உள்ளதெல்லாம் தந்து ரக்ஷிப்பவனை இயலாமையின் பக்கத்தில் நிறுத்தும் மொழிபெயர்ப்பை ஒரு சிறு நெகிழ்ச்சி என்று விட்டுவிடலாகாது.

இதனால் விளையும் மற்றொரு கேடு நுட்பமானது. 'இயல்வது' என்ற பொருள் உபாய சப்தத்தோடு ஒட்டிக்கொண்டால், 'கடினமான வழி இயலாதவனுக்கு எளிதான வழி' என்று ப்ரபத்தி குறுகிவிடும். இயலுமை யாரிடத்தில் இருக்கிறது என்ற கேள்வியே எழாமற்போகும். நம் தர்சனத்தின் உயிர்நிலை அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஆதலால் சக்யம், ஸாத்யம், ஸுகரம் என்ற மூன்று பெயரடைகளின் பொருளையும் ஆட்சியையும் வ்யாகரணத்திலும், கீதையிலும், ஆழ்வார் ஆசார்யர்களின் ஸ்ரீஸூக்திகளிலும் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

க்ருத்ய ப்ரத்யயத்தின் மூன்று முகங்கள்

சக்யம், ஸாத்யம், லப்யம், ஜேயம், த்யாஜ்யம் முதலானவை யாவும் க்ருத்ய ப்ரத்யயம் பெற்ற சொற்கள். இந்த ப்ரத்யயத்துக்குப் பொருள் ஒன்றன்று. தகுதியான பொருளில் (அர்ஹம்) அது வரும் என்று பாணினி 3-3-169இல் விதித்தார். தவிர்க்க முடியாத கடமை, திருப்பித் தரவேண்டிய கடன் என்ற பொருள்களிலும் வரும் என்றார் 3-3-171இல். அடுத்த ஸூத்ரத்திலேயே, ஆற்றல் என்ற பொருளிலும் வரும் என்றார். ஆக, 'செய்யத் தக்கது', 'செய்தே தீரவேண்டியது', 'செய்ய இயல்வது' என்ற மூன்றும் ஒரே உருவத்தில் அடங்கக்கூடும். எவ்விடத்தில் எப்பொருள் என்பதை ப்ரகரணம்தான் நிர்ணயிக்க வேண்டும். 'சக்' தாதுவுக்கு ஆற்றலே பொருளாகையால் 'சக்யம்' என்னுமிடத்தில் ஐயமில்லை. 'ஸாத்யம்' என்பதோ அப்படிப்பட்டதன்று.

பாணினியே இந்தக் கலப்பை ஓரிடத்தில் உருவத்தாலேயே பிரித்துக் காட்டினார். 6-1-81இல் 'க்ஷய்யம்', 'ஜய்யம்' என்ற இரண்டு ரூபங்களும் இயலுமைப் பொருளில் மட்டுமே ஸாது என்றார். வெல்ல இயல்வது ஜய்யம். வெல்லத் தக்கது ஜேயம். அழிக்க இயல்வது க்ஷய்யம். அழிக்கத் தக்கது க்ஷேயம். இயலுமைப் பொருள் இல்லாத இடத்துக்கு ஸித்தாந்த கௌமுதியில் பட்டோஜி தீக்ஷிதர் காட்டும் ப்ரத்யுதாஹரணங்கள் இரண்டு: அழிக்கத் தக்கது பாபம், வெல்லத் தக்கது மனம். இலக்கணம் கற்கும் பிள்ளை இவற்றை உருவ பேதத்துக்காகப் படித்துவிட்டு மேலே போவான். அடியேனுக்குத் திண்ணையில் பாடம் சொன்ன திருத்தகப்பனார் இவ்விடத்தில் சற்று நிறுத்துவார். 'பாபம் க்ஷேயம் என்றார்; க்ஷய்யம் என்றாரா? மனம் ஜேயம் என்றார், ஜய்யம் என்றாரா?' என்று கேட்பார். 'செய்ய வேண்டியது வேறு, செய்ய முடிவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் சரமச்லோகம் பிறந்தது' என்பார். இந்த வார்த்தையைப் பின்னே எடுத்துக்கொள்வோம்.

இனி ஸுகரம், துஷ்கரம் என்பவை. இவை க்ருத்யங்கள் அல்ல. எளிமை, அருமை என்ற பொருள்களில் 3-3-126ஆல் விதிக்கப்படும் கல் ப்ரத்யயம் பெற்றவை. இங்கே கவனிக்க வேண்டியது, துஷ்கரம் என்பது அசக்யம் ஆகாது என்பது. வருந்திச் செய்யக் கூடியது துஷ்கரம். வருந்தினாலும் கூடாதது அசக்யம். தமிழில் 'எளிது', 'அரிது', 'இயலாது' என்று மூன்று படிகளாகச் சொல்லலாம். எளிது என்பதும் இயலும் என்பதும் ஒன்றே என்று கொள்பவர், அரிது என்பதையும் இயலாது என்பதையும் ஒன்றாக்கிவிடுவர். உபாய விசாரத்தில் நேரும் குழப்பங்களிற் பல இதிலிருந்து கிளைப்பவை.

ஸாத்யத்துக்கு எதிர்ப்பதம் எது?

ஒரு சொல்லின் பொருளை அறிய, அது எதற்கு எதிராக நிற்கிறது என்று பார்ப்பது ஒரு நல்ல உபாயம். 'ஸாத்யம்' வைத்ய சாஸ்த்ரத்தில் வழங்குகிறது. சரகஸம்ஹிதையின் ஸூத்ரஸ்தாநம் 10ஆம் அத்யாயத்தில் வ்யாதிகள் ஸுகஸாத்யம், க்ருச்ச்ரஸாத்யம், யாப்யம் என்றும், சிகித்ஸைக்கு அடங்காமல் கைவிடத் தக்கது என்றும் பிரிக்கப்படுகின்றன. இங்கு ஸாத்யத்துக்கு எதிர் அஸாத்யம். குணப்படுத்த இயல்வது, இயலாதது என்ற பொருள் தெளிவு. தர்க்கத்தில் 'ஸாத்யம்' என்பது அநுமாநத்தால் நிறுவப்பட வேண்டியது. மலையில் நெருப்பு உண்டு என்னுமிடத்தில் நெருப்பு. இங்கு அதனோடு சேர்ந்து நிற்பது ஹேது. இயலுமை பற்றிய பேச்சே இங்கில்லை.

மூன்றாவதாக, மீமாம்ஸையிலும் வேதாந்தத்திலும் வழங்கும் 'ஸாத்யம்'. இங்கு அதற்கு எதிர் ஸித்தம். ஏற்கனவே உள்ள வஸ்து ஸித்தம். ஒரு செயலால் இனி உண்டாக்கப்பட வேண்டியது ஸாத்யம். சொற்களுக்குப் பொருளுணர்த்தும் சக்தி செய்யத்தக்க கார்யத்தில்தான் உண்டு, ஸித்த வஸ்துவில் இல்லை; ஆகையால் வேதாந்த வாக்யங்கள் ஸித்த வஸ்துவான ப்ரஹ்மத்தை உணர்த்தா என்பது ஒரு பெரிய பூர்வபக்ஷம். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தின் முதல் அதிகரணத்தில் இதை நிரஸித்தருளினார். தாயும் தந்தையும் மாமனும் இன்னார் என்று பெரியோர் விரலால் சுட்டிக்காட்ட, குழந்தை சொற்பொருளை அறிகிறதன்றோ? அங்கே ஒரு செயலும் ஏவப்படவில்லை. உள்ள வஸ்துவைச் சொல் காட்டுகிறது, குழந்தை அறிந்துகொள்கிறது. ஸித்த வஸ்துவைச் சொல் உணர்த்தும் என்பது இவ்வாறு ஸ்தாபிதமாகிறது.

உபாய விஷயத்தில் வழங்கும் ஸித்த, ஸாத்ய சப்தங்கள் இந்த வீட்டுப் பிள்ளைகள். வைத்ய சாஸ்த்ரத்திலிருந்து வந்தவை அல்ல. எம்பெருமான் நம் செயலால் உண்டாகிறவன் அல்லன். நமக்கு முன்னே, நமக்காகவே இருக்கிறவன். ஆதலால் அவன் ஸித்தோபாயம். பக்தியோ ப்ரபத்தியோ சேதநன் அநுஷ்டித்தால் உண்டாகும், அநுஷ்டிக்காவிடில் இல்லை. ஆதலால் தேசிக ஸம்ப்ரதாயத்தில் அவை ஸாத்யோபாயம் எனப்படும். எனவே 'ஸாத்யோபாயம்' என்பதற்குத் தமிழில் 'செய்து முடிக்கவேண்டிய உபாயம்' என்றோ, 'நம் செயலால் உண்டாக வேண்டிய உபாயம்' என்றோ சொல்ல வேண்டும். 'ஸித்தோபாயம்' என்பதற்கு 'ஏற்கனவே உள்ள உபாயம்' என்று சொல்ல வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு ஆக்ஷேபம் எழும். 'விதியின் பொருளை விசாரிக்கும் நையாயிகர், விதிக்கப்படும் செயல் இஷ்டத்துக்கு ஸாதநமாயிருத்தல், பெருங்கேடு பயவாதிருத்தல், க்ருதிஸாத்யமாயிருத்தல் என்ற மூன்றைச் சொல்கின்றனர். க்ருதிஸாத்யம் என்றால் முயற்சியால் இயல்வது என்பதுதானே? ஆக ஸாத்ய சப்தத்துக்கு இயலுமைப் பொருள் சாஸ்த்ரத்திலேயே உண்டு' என்பது அது. உண்மை. இயலாததை சாஸ்த்ரம் விதியாது. மழையைப் பெய்விக்க ஒருவனை ஏவினால் அது விதியாகாது. ஆனால் அங்கே இயலுமைப் பொருள் 'க்ருதி' என்ற முன்மொழியோடு சேர்ந்து, விதிக்கப்படும் செயலுக்கு ஒரு நிபந்தனையாக வருகிறது. ஸாத்யோபாயம் என்னுமிடத்திலோ, ஸித்தம் என்ற பதத்தை எதிரே வைத்து உபாயத்தின் ஜாதி பிரிக்கப்படுகிறது. செய்யப்படுவதெல்லாம் செய்ய இயல்வதே என்பது சரி. அதனால் 'செய்யப்படுவது' என்ற சொல்லுக்கே 'இயல்வது' என்று பொருளாகாது. சோறு உண்ணத்தக்கது என்பதால் சோறு என்ற சொல்லுக்கு 'தகுதி' என்று பொருள் கூறுவாருண்டோ?

கீதையில் சக்ய சப்தம்

இயலுமையை ஐயமின்றிக் கூறும் பெயரடை சக்யம் என்று முன்னே சொன்னோம். இதன் ஆட்சியில் ஒரு விசேஷம் உண்டு. செயலைப் பொதுவாக மனத்திற்கொண்டு 'சக்யம்' என்று நபும்ஸக ஏகவசநத்தில் நிறுத்திவிடலாம். செயப்படுபொருள் எந்த லிங்கத்திலும் எந்த வசநத்திலும் இருக்கலாம். மஹாபாஷ்யத்தின் பஸ்பசாஹ்நிகத்தில் பதஞ்ஜலி பசியைப் பற்றிப் பேசுமிடத்தில், பசியைக் குறிக்கும் ஸ்த்ரீலிங்க சப்தத்தோடு 'சக்யம்' என்றே ப்ரயோகித்திருக்கிறார். காவ்யாலங்கார ஸூத்ரத்தில் வாமனரும் இதை ஸாது என்று ஸமர்த்தித்தார். மற்றொரு வழி, செயப்படுபொருளுக்கு அடையாக்கி அதன் லிங்க வசநங்களோடு சக்யனை இணைப்பது. முதல் வழியில் இயலுமை செயலின்மேல் நிற்கும். இரண்டாவதில் வஸ்துவின்மேல் ஏறும்.

கீதையில் இரண்டு வழிகளும் உண்டு. 18-11இல், உடலெடுத்தவனால் கர்மங்களை அறவே விட இயலாது என்னுமிடத்தில், கர்மங்கள் பன்மையாயிருக்க 'சக்யம்' ஒருமையில் நிற்கிறது. விடுதல் என்ற செயலின் இயலாமை அங்கே விவக்ஷிதம். 6-36இல் சக்ய சப்தம் யோகத்துக்கு அடையாக வருகிறது. மனத்தை அடக்குவது காற்றை அடக்குவது போல் மிகவும் துஷ்கரம் என்று அர்ஜுநன் முறையிட்டான். அப்படியன்று என்று கண்ணன் மறுக்கவில்லை. அடக்குவதற்கு அரியதே என்று ஒப்புக்கொண்டான். மனத்தை அடக்காதவனுக்கு யோகம் துஷ்ப்ராபம் என்றான். வசப்படுத்தி முயல்பவனுக்கு உபாயத்தால் அடைய சக்யம் என்றான். துஷ்ப்ராபமும் சக்யமும் ஒரே ச்லோகத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. அரியது இயலாததன்று என்பதற்கு இதைவிட ஸாக்ஷி வேண்டா. வெல்லத்தக்க மனம், வெல்ல இயலும் மனமாவது உபாயத்தால், தானாக அன்று.

இதன்மேல் பதினோராம் அத்யாயம். 11-8இல் 'உன் கண்ணால் என்னைக் காண உனக்கு ஆற்றலில்லை' என்ற கருத்து வினைச்சொல்லால் வருகிறது. ஆற்றலின்மைக்கு இடம் அர்ஜுநன். உடனே திவ்ய சக்ஷுஸ்ஸைக் கொடுத்தருளுகிறான். இயலாமை சொல்லப்பட்ட மூச்சிலேயே அது கொடையால் தீர்க்கப்படுகிறது. பின்பு 11-48, 11-53, 11-54 ஆகிய மூன்று இடங்களிலும் 'சக்ய' சப்தம் பெயரடையாக வருகிறது. வேதங்களாலும் தவத்தாலும் தாநத்தாலும் யாகத்தாலும் காணப்பட சக்யனல்லன் என்று விலக்கி, அநந்ய பக்தியால் அறியவும் காணவும் புகவும் சக்யன் என்று முடிக்கிறான். இங்கே சக்ய சப்தம் நபும்ஸகமாய் ஒதுங்கி நிற்கவில்லை. 'நான்' என்ற பதத்தோடு ஸமாநாதிகரணமாய் நிற்கிறது. 'என்னைக் காண்பது இயலும்' என்று செயலைச் சொல்லாமல், 'நான் காணப்பட இயல்பவன்' என்று தன்னைச் சொல்கிறான்.

வெறும் லிங்கப் பொருத்தத்தை வைத்து ஸித்தாந்தம் கட்டலாகாது என்பதை அறிவோம். இரண்டு ப்ரயோகங்களும் ஸாதுவே. ஆனால் எம்பெருமானார் இவ்விடத்து பாஷ்யத்தில் ப்ரமாணமாக எடுத்தருளும் ச்ருதி எது என்று பார்த்தால், இலக்கணம் காட்டிய திசையையே பாஷ்யமும் காட்டுவது விளங்கும். ஆத்மா ப்ரவசநத்தாலோ மேதையாலோ பலவாறு கேட்டலாலோ அடையத்தக்கவன் அல்லன், அவன் எவனை வரிக்கிறானோ அவனால் லப்யன் என்னும் கடோபநிஷத் வாக்யம் அது; முண்டகத்திலும் வருவது. லப்யம் என்பதும் ஒரு க்ருத்யம். அடைகிறவன் கர்த்தா, ஆனால் அவனை லப்தாவாக்குவது அடையப்படுகிறவனின் வரணம். ஆக, பக்தியால் சக்யன் என்றாலும், அந்த சக்யத்வத்தின் வேர் அவனுடைய வரணத்தில் இருக்கிறது.

பன்னிரண்டாம் அத்யாயத்தில் இயலாமை மீண்டும் படிப்படியாக வருகிறது. சித்தத்தை நிலைநிறுத்த ஆற்றலில்லையேல் அப்யாஸம். அப்யாஸத்துக்கும் ஸாமர்த்யமில்லையேல் தனக்கான கர்மங்கள். அதற்கும் அசக்தனாகில் கர்மபல த்யாகம். மூன்று ச்லோகங்களில் மூன்று சொற்களால் சேதநனின் இயலாமை கணக்கிடப்படுகிறது. ஆனால் எந்தப் படியிலும் 'நீ இயலாதவன், போ' என்று அவன் கைவிடவில்லை. இயலாமை சேதநன்மேல் எண்ணப்படும். இயலுமை ஈச்வரன்மேல் ஏற்றப்படும். இந்த விநியோகத்தை மனத்தில் வைத்தால் பின்வருவது தெளியும்.

அரிது என்பதும் அரியன் என்பதும்

வடமொழியில் காட்டிய இவ்விரண்டு வழிகளும் தமிழில் இயல்பாகவே உள்ளன. 'அவனைக் காண்பது அரிது' என்றால் அருமை செயலின்மேல். 'அவன் காண்டற்கு அரியன்' என்றால் அருமை அவன்மேல். அவ்வாறே 'எளிது', 'எளியன்'. அஃறிணை முடிவு செயலைச் சுட்டும். உயர்திணை முடிவு அவனைச் சுட்டும். 'எளியன்' என்பதை 'எளிது' என்று மாற்றி உரை சொன்னால் பொருள் பெரும்பாலும் தப்பாது. ஆனால் குணம் தப்பிவிடும். ஸௌலப்யம் என்பது அவன் குணம். நம் வேலை குறைந்தமை அன்று.

திருவாய்மொழி முதற்பத்தின் மூன்றாம் திருவாய்மொழி இந்த ஸௌலப்யத்தைப் பேச வந்தது. முதல் திருவாய்மொழியில் பரத்வமும் இரண்டாவதில் பஜநமும் உபதேசிக்கப்பட்டன. அங்ஙனம் பரனாயிருப்பவனை ஸம்ஸாரியான சேதநன் பஜிக்கப் போமோ என்ற சங்கை எழ, அதற்கு விடையாக இந்தத் திருவாய்மொழி அவதரித்தது என்பது ஈட்டின் ப்ரவேசம். அங்கே அருளிச்செய்யும் த்ருஷ்டாந்தம் நம் விஷயத்துக்கு அப்படியே பொருந்தும். இரு கையும் முடமானவனை யானைமேல் ஏறச் சொன்னால் ஏற இயலாது. ஆனால் அந்த யானையே அவன் ஏறும்படி படிந்து கொடுக்குமாகில் ஏறத் தடையில்லை. முடவனுக்குக் கை முளைக்கவில்லை. யானையின் உயரமும் உண்மையில் குறையவில்லை. ஏறுதல் சக்யமானது யானை படிந்ததனால். சக்யத்வம் ஏறுகிறவனிடத்தில் இல்லை, ஏறப்படுவதில் இருக்கிறது என்பதற்கு வ்யாகரண சாஸ்த்ரத்திலும் இதைவிட நல்ல உதாஹரணம் தேடவேண்டியதில்லை.

இத்திருவாய்மொழியின் முதற்பாட்டிலேயே ஆழ்வார் உரலோடு கட்டுண்ட எளிமையை நினைத்து ஆறு மாதம் மோஹித்துக் கிடந்தார் என்பது ஐதிஹ்யம். அந்தக் கட்டை பாகவத புராணம் தசமஸ்கந்தம் 9ஆம் அத்யாயத்தில் காணலாம். யசோதை எவ்வளவு கயிறு இணைத்தாலும் இரண்டு அங்குலம் குறைந்தது. வியர்த்து, பூ உதிர்ந்து, களைத்த தாயைக் கண்டு, தன் க்ருபையால் அவன் கட்டுண்டான். தாயின் முயற்சி வீணன்று. அதைக் கண்டன்றோ அவன் இரங்கினான். ஆயினும் அந்த முயற்சி இரண்டங்குலத்தை நிரப்பவில்லை. கட்டுதல் இயன்றது அவன் கட்டுண்ணத் திருவுள்ளம் பற்றியதனால். ஸாத்யம் எவ்வளவு சேர்ந்தாலும் நிரப்பாத அந்த இரண்டங்குலம் ஸித்தத்தால் நிரம்புகிறது.

அசக்தியா, ஸ்வரூப விரோதமா?

இப்போது சரமச்லோகத்துக்கு வருவோம். 18-66க்கு எம்பெருமானார் கீதாபாஷ்யத்தில் அருளிச்செய்த இரண்டாவது யோஜநையில், பக்தியோகத் தொடக்கத்துக்குத் தடையான அநாதி பாபங்களைப் போக்கும் க்ருச்ச்ரம், சாந்த்ராயணம் முதலான ப்ராயச்சித்தங்கள் அளவற்றவை; அளவுபட்ட காலமே வாழ்பவனுக்கு அவை 'துரநுஷ்டாநம்' என்கிறார். சொல்லைக் கவனிக்க. அவை செய்யத்தகாதவை என்றோ, ஸ்வபாவத்திலேயே செய்ய முடியாதவை என்றோ சொல்லவில்லை. யாருக்கு, எவ்வளவு காலத்தில் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார். சக்யத்வம் தனித்து நிற்கும் குணம் அன்று. இன்னாரால், இன்னதனால், இத்தனை காலத்தில் என்ற ஆகாங்க்ஷையுடையது. சாந்த்ராயணம் ஒன்று என்றால் சக்யம். கோடி என்றால், நூறாண்டு வாழ்பவனுக்கும் அசக்யம்.

இங்குதான் திண்ணைப் பாடத்தின் ப்ரத்யுதாஹரணங்கள் இரண்டும் வந்து சேர்கின்றன. மனம் ஜேயம் என்ற முறையீடு ஆறாம் அத்யாயத்தில். பாபம் க்ஷேயம் என்ற சோகம் பதினெட்டாம் அத்யாயத்தில். அழிக்கத்தக்க பாபம் சேதநனால் அழிக்க இயலாததாய் நிற்கும்போது, ச்லோகத்தின் பின்பாதியில் கர்த்தா மாறிவிடுகிறான். பாபங்களிலிருந்து விடுவிப்பவன் நான் என்று தன்னைச் சொல்கிறான். பாபம் அதே பாபம். சேதநனைக் கர்த்தாவாக வைத்தால் க்ஷேயம் மட்டுமே. ஈச்வரனைக் கர்த்தாவாக வைத்தால் க்ஷய்யம்.

ஆனால் உபாயாந்தரங்களை விடுவதற்கு இந்த இயலாமை ஒன்றே காரணமா என்பதில் நம் பூர்வர்கள் இரண்டு விதமாகத் திருவுள்ளம் பற்றினர். ஸ்வாமி தேசிகன் ரஹஸ்யத்ரயஸாரத்தின் 10ஆம் அதிகாரத்தில் ப்ரபத்திக்கு யோக்யதையாக ஆகிஞ்சந்யத்தையும் அநந்யகதித்வத்தையும் வைக்கிறார். மற்ற உபாயத்துக்கு வேண்டிய அறிவோ ஆற்றலோ இல்லாமை அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை, அதிகாரமாகச் சொல்லப்படுகிறது. பிள்ளை லோகாசார்யரோ ஸ்ரீவசந பூஷணத்தில், அறியாமையையும் திறமின்மையையும் முதன்மையாகக் கொள்ளாமல், தன் முயற்சியால் தன்னை ரக்ஷித்துக்கொள்வது பகவத் பரதந்த்ரமான ஆத்மஸ்வரூபத்தோடு சேராது என்பதையே ப்ரதாந காரணமாக வைக்கிறார். ப்ரபத்தியை உபாயமென்று எண்ணாமல் அதிகாரிக்கு அடையாளமாகக் கொள்வதும் இந்த நிலையிலிருந்தே.

இவ்விரண்டையும் பாணினியின் பேதத்தில் வைத்துப் பார்த்தால் பொருள் தெளியும். தேசிகன் கேட்பது சக்யமா என்ற கேள்வி: 'என்னால் இயலுமா?' லோகாசார்யர் கேட்பது அர்ஹமா என்ற கேள்வி: 'இயன்றாலும் எனக்குத் தகுமா?' ஒரே க்ருத்ய ப்ரத்யயத்தின் இரண்டு முகங்கள் இவை. இயலாமை சொன்னவர் தகுதியை மறுக்கவில்லை. தகாமை சொன்னவர் இயலாமை இல்லை என்னவில்லை. எதை முன்வைப்பது என்பதில்தான் பேதம். இரண்டு திருவடிகளிலும் ஆச்ரயித்தவர்கள் பல நூற்றாண்டுகளாகப் பேசிவரும் இந்த விசாரத்தை, 'சாத்தியம்' என்ற ஒரே இக்காலச் சொல்லில் போட்டு மூடினால் இரண்டு பக்ஷங்களுமே மறைந்துபோகும். ஒரு பக்ஷத்தைச் சார்ந்து மற்றதைக் குறை கூறுவதைவிட, இரண்டையும் அறியாமற்செய்வது பெரிய நஷ்டம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. லோகாசார்யர் ப்ரபந்நரை அஜ்ஞர், ஜ்ஞாநாதிகர், பக்திபரவசர் என்று மூவகையாகப் பிரித்தார். இவர்களில் பக்திபரவசர் ஆழ்வார்கள். அவர்களுக்கும் உபாயாநுஷ்டாநம் இயலாது; ஆனால் அந்த இயலாமை அறிவுக் குறையால் வந்ததன்று, அன்பு மிகுதியால் அவயவங்கள் தளர்ந்ததனால் வந்தது. ஆக 'அசக்தி' என்ற ஒரு சொல்லிலேயே தாழ்ந்த படியும் உண்டு, மிக உயர்ந்த படியும் உண்டு. இயலாதவன் என்றவுடன் இரங்கத்தக்கவன் என்று மட்டும் எண்ணுவது ஆழ்வார்களை அறியாதார் எண்ணம்.

'எளிய வழி' என்ற பேச்சு

ப்ரபத்தி எளிய வழி என்று சொல்லாதவர் இல்லை. பெரியோர்களும் லகூபாயம் என்றே சொன்னார்கள். அதில் தோஷமில்லை, அந்த எளிமைக்குக் கூறும் காரணத்தில்தான் தோஷம் நுழைகிறது. சிறிது நேரத்தில் முடிவது, செலவில்லாதது, விரதமில்லாதது என்று எளிமையைக் கணக்கிட்டால், இத்தனை சிறிய செயலுக்கு இத்தனை பெரிய பலமா என்ற சங்கை தானே எழும். மஹாவிச்வாஸத்துக்குத் தடையான சங்கைகளுள் இதையும் எடுத்து ரஹஸ்யத்ரயஸாரம் பரிஹரிக்கிறது. செயலின் சிறுமையைக் காட்டி விச்வாஸத்தை உண்டாக்க முடியாது; செயல் சிறிது என்பதே விச்வாஸத்தைக் குலைக்கும். அவனுடைய குணங்களைக் காட்டினால்தான் விச்வாஸம் நிலைக்கும்.

கீதையின் 9-2இல் பக்தியையே செய்வதற்கு மிகவும் ஸுகமானது என்று கண்ணன் சொன்னதையும் இங்கு நினைக்க வேண்டும். 'பக்தி கடினம், ப்ரபத்தி எளிது' என்று ஒரே மூச்சில் முடிப்பவர்கள் இந்த ச்லோகத்துக்கு என்ன சொல்வர்? செய்யப்படும் விஷயம் இனிதாகையால் செய்வதும் இனிது என்பது பாஷ்யத்தின் போக்கு. தாய்க்குக் குழந்தையைச் சுமப்பது எளிது. குழந்தை கனமில்லாததனால் அன்று. ஆக, எளிமை விஷயத்திலிருந்து வருகிறதேயன்றி வேலையின் அளவிலிருந்து அன்று. பக்திக்கு அருமை வந்தது அதன் தொடக்கத்தில் நிற்கும் பாபத்தாலும் நம் ஆயுளின் குறைவாலும். பக்தியின் ஸ்வபாவத்தால் அன்று. இவ்வாறு பிரித்துச் சொன்னால் பக்திக்கும் இழுக்கில்லை, ப்ரபத்திக்கும் மலிவில்லை.

இப்பேச்சினால் பாதிக்கப்படுகிறவன் வித்வான் அல்லன். நோயிலும் மூப்பிலும் 'இனி என்னால் ஒன்றும் இயலாது' என்று இருப்பவன். அவனிடம் 'சாத்தியமான உபாயம்' என்று சொன்னால், தன்னிடத்தில் இயலுமையைத் தேடுவான்; காணாவிடில் அந்த 'எளிய' உபாயத்துக்கும் தான் ஆகாதவன் என்று சோகிப்பான். சோகத்தைத் தீர்க்க வந்த ச்லோகத்தின் பேரால் சோகம் வளரும். 'உபாயம் ஏற்கனவே உள்ளது. அவன் காணப்படவும் அடையப்படவும் இயல்பவனாய்ப் படிந்து நிற்கிறான்' என்று சொன்னால் அவன் தேடும் இடம் மாறும். ஒரு பெயரடையின் பொருளில் இத்தனை இருக்கிறது.

ஆதலால் ரஹஸ்ய க்ரந்தங்களை இக்காலத் தமிழில் தருவோர் இவற்றைக் கைக்கொள்வது நலம். ஸித்த, ஸாத்ய சப்தங்கள் இணையாக வருமிடத்தில் 'உள்ளது', 'உண்டாக்க வேண்டியது' என்று பொருள் கூறுக. 'சாத்தியம்' என்ற வடிவைத் தவிர்க்க. சக்ய சப்தம் வருமிடத்தில் 'இயலும்' என்க. அது எதற்கு அடை என்று பார்த்து, அவனுக்கு அடையாகில் அவன்மேலேயே வைத்துச் சொல்க. துஷ்கரம், துஷ்ப்ராபம், துரநுஷ்டாநம் என்னுமிடங்களில் 'அரிது' என்று நிறுத்துக. 'இயலாது' என்று மிகுத்துரையற்க. ஸுலபன் என்னுமிடத்தில் 'எளிது' என்னாமல் 'எளியன்' என்க.

மூலங்களை ஆசார்ய ஸந்நிதியில் காலக்ஷேபமாகக் கேட்டவர்களுக்கு இவை யாவும் தெரிந்தவையே. காலக்ஷேபத்துக்கு வாய்ப்பில்லாமல் அச்சிட்ட தமிழையே நம்பி ஸ்ரீஸூக்திகளை அணுகுவோர் இன்று மிகுதி. அவர்கள் கையில் கொடுக்கும் சொல் அளந்து கொடுத்ததாயிருக்க வேண்டும். இங்கு கூறியவற்றில் கொள்ளத்தக்கவற்றைப் பெரியோர் ஆராய்ந்து கொள்வாராக.